பாவாத்தாளின் கை வீங்கியது

— கையை அசைக்காதீங்கம்மா, ஸ்கேல் நகருது. ம்... பதினெட்டு மில்லிமீட்டர்.

— ஏனுங் நர்சம்மணி, அத்தன பெருசுங்களா? இருமுனது இவரு. தொணைக்கு வந்த பாவத்துக்கு எனக்கும் டிபி சோதனை ஊசி போட்டீங்க. மறுநா காத்தாலயே வடையாட்டம் வீங்கிப்போச்சு. டிபி எனக்குத்தானுங்க.

— அழுகாத பாவாத்தா.

— அழுகாம? கல்யாணமாகிப் பதினேழு வருசங் கழிச்சுப் பொறந்த ஒத்தப் பொண்ணுங்க அம்மணி. கோபியிலிருந்து தலப்பிரசவத்துக்கு அடுத்த வாரம் வாரா. பச்சப்புள்ள இருக்கற ஊட்ல இந்தச் சீக்கோட நான் எப்படிங்க இருக்கறது?

— நர்சம்மா, என்ற கையையும் பாத்துப்போட்டுச் சொல்லுங்க.

— காட்டுங்க ஐயாசாமி ஐயா... இதென்ன கொப்புளம்? ஊசி போட்ட எடம் இங்க, கொப்புளம் ரெண்டு வெரக்கட தள்ளி இருக்குது. என்ன தடவுனீங்க?

— அட சாமி... கண்டுபுடிச்சுட்டீங்களா? எருக்கம்பாலுங்க.

— எருக்கம்பாலா! கண்ணுல பட்டிருந்தா என்னாகறது?

— ஏனுங், உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சுங்களா?

— பின்ன என்ன புள்ள? உனக்கு வீங்குது, எனக்குச் சப்பையாக் கெடக்குது. நீ துணிமணியெல்லாங் கட்டிப்போட்டு, பெருந்துறை டிபி ஆஸ்பத்திரிக்குத் தனியாப் போறேங்கற. எனக்கும் வீங்குனா ரெண்டு பேரையும் ஒண்ணாச் சேத்துக்குவாங்கன்னு பாத்தேன்.

— நல்ல சோடிங்க நீங்க! அம்மா, கண்ணத் தொடைங்க. கை வீங்குனா சீக்குன்னு அர்த்தமில்ல. எப்பவோ கிருமி உள்ள வந்திருக்குது, உங்க ஒடம்பு அதை அடையாளங் கண்டு எதுத்து நிக்குது. அதுதான் இந்த வீக்கம். உங்க சளியும் சுத்தம், எக்ஸ்ரேவும் சுத்தம்.

— நெசமாலுமுங்களா?

— நெசந்தானுங்க. பொம்பளைக ஒடம்பு இந்த விசயத்துல ஆம்பளைகளை விடக் கொஞ்சம் சுதாரிப்புன்னு எங்க டாக்டர் சொல்லுவாரு. இங்க மாத்திரைக்கு வாரவங்கள்ல பாதிக்கு மேல ஆம்பளைகதான். பீடி வேற இருக்குதில்ல.

— கேட்டியா பாவாத்தா! ஊட்ல நீ என்னைய மெரட்டறப்பவே தெரியும், உன்றகிட்ட எந்தக் கிருமியும் நிக்காதுன்னு. ஆமாங்க நர்சம்மா, எருக்கம்பாலை விட்டுப்போட்டுப் பாத்தா எனக்கு வீக்கமே இல்லியே. அப்ப எனக்கும் ஒண்ணுமில்ல, இல்லீங்களா?

— உங்களுக்கு அறுபத்தெட்டு வயசுங்கய்யா. வயசானா சில பேருக்கு ஒடம்பு அசந்துபோயிரும். கிருமி உள்ள இருந்தாலும் ஊசிக்குக் கை வீங்காது. உங்க சளியில கிருமியப் பாத்துட்டோம். டிபி உங்களுக்குத்தான்.

— எனக்கா?

— பயப்படாதீங்க. ஆறு மாசம் ஒரு நாள் விடாம மாத்திரை சாப்புட்டா நல்லாயிரும். முதல் ரெண்டு மாசம், சளி சுத்தமாகற வரைக்கும், கொழந்தை பக்கம் மட்டும் போகக் கூடாது.

— அப்பாடா! இவளுக்கு இல்லியே, அது போதுமுங்க. பாவாத்தா, பொண்ணு வரட்டும். நான் தோட்டத்துச் சாளைக் குடிசையில படுத்துக்கறேன். நீ ஆசப்பட்டாப்பல பேரனுக்குத் தண்ணி வாத்துவுடு.

— ஏனுங் அம்மணி, இங்க எஸ்டிடி பூத்து எங்க இருக்குதுங்க?

— பஸ் ஸ்டாண்டுகிட்ட இருக்குதுங்கம்மா. பொண்ணை தைரியமா வரச் சொல்லுங்க.

— இல்லீங்க, மாமியா ஊட்லயே பெத்துக்கச் சொல்றேன். அங்க அவளைப் பாக்க நாலு பேரு இருக்கறாங்க. சாளையில இவருக்கு நான் ஒருத்திதானுங்க.