இருட்டுக் காணாதாம்

இருட்டுக் காணாதாம் அண்ணை. மிலானிலை இருந்து எழுதியிருக்கினம், இருட்டுக் காணாதாம்… இந்த வீட்டுக்குள்ளை இருந்து கீறின மனுசனுக்கு. நீங்கள் இப்ப உள்ளை வரேக்கை வாளியிலை தடக்கி விழப் பாத்தனீங்கள்தானே? பட்டப்பகல் மூண்டு மணி. கதவைச் சாத்தினால் என்ரை கை எனக்குத் தெரியாது. அந்த மிலான் பிள்ளையை ஒருக்கா இஞ்சை கொண்டுவந்து இருத்தினால், இருட்டு எண்டால் என்னெண்டு சும்மாவே காட்டுவன்.

இருங்கோ இராசரத்தினம் அண்ணை. அந்தக் கதிரை வேண்டாம், அதுக்குக் கால் ஆடும். இதிலை இருங்கோ. கொம்பியூட்டர் எங்கையும் ஓடாது, அந்தா மூலையிலை துவாயாலை மூடிக் கிடக்கு. சுவராலை தண்ணி வடியிறதுக்குத்தான் துவாய். மலையிலை சாந்தா ரொசாலியாவின்ரை குகைக்கு நாங்கள் எல்லாரும் ஏறிப் போறனாங்கள்தானே, பாத்திருப்பியள், கூரையாலை சொட்டுற தண்ணிக்கு வடிவாத் தகரம் வைச்சுப் பீலி பூட்டியிருக்கினம். புனிதைக்குப் பீலி. எங்களுக்கு வாளி. ஒண்டில்லை, மூண்டு வாளி, குறை சொல்லக் கூடாது.

முதல் தேத்தண்ணியைக் குடியுங்கோ. சூடு, ஆறட்டும். அவசரம் என்ன?

நான் இப்பிடிக் கதைக்கிற ஆள் இல்லை அண்ணை, உங்களுக்கே தெரியும். ரெண்டு வருசமாக் கோயில் வாசலிலை காணுறியள், ஒரு ‘ஓம்’ தவிர என்ரை வாயிலை இருந்து என்ன வந்தது? எட்டாம் வகுப்போடை நிண்டனான், நாலு பேரைக் கண்டால் நாக்கு ஒட்டிப் போகும். இண்டைக்கு என்னவோ வருது… வரட்டும்.

எங்கை விட்டனான்? ஓம், இருட்டு. எங்கடை இவர் டினேஷ் பகலிலை ஒரு கிழவனைப் பாக்கிற வேலைக்குப் போறார், அது உங்களுக்குத் தெரியும். மிச்ச நேரம் நிலத்துக்குக் கீழை கிடங்கு வெட்டுறார். கொம்பியூட்டரிலைதான். வாளும் கேடயமும் கொண்டு விளையாடுற கேம் இருக்குத்தானே, அதுக்குள்ளை போறவன் இறங்கிற குகை, சிறை, சுரங்கம்… அதுக்கெல்லாம் இவர்தான் மேப் போடுறார். எந்தக் கதவு எங்கை, எந்த மூலையிலை எலும்பு, எந்தப் படியிலை நிண்டால் நெஞ்சு இடிக்கும். டன்ஜன் எண்டு சொல்லுவினமாம். மிலானிலை நாலே நாலு பேர் இருக்கிற கொம்பனி. பத்து மேப் பிழையில்லாமல் குடுத்தால் நிரந்தர வேலைக்குக் கொன்த்ராத்தோ எழுதித் தருவினம். அந்தக் கடுதாசியைக் காட்டினாத்தான் மூண்டாம் மாடி வீட்டைத் தருவன் எண்டு வீட்டுக்காரி சொல்லிப்போட்டா. பல்லரோச் சந்தைக்குப் பின்னாலை, நாங்கள் போய்ப் பாத்தனாங்கள். ரெண்டு யன்னல், ஒரு பல்கோனி. எங்கடை ஜெனனிக்கு நாலு வயது அண்ணை, ஒரு யன்னலுக்குக் கிட்டப் படுத்து அறியாள். இருமல் வேறை. டொக்டர் சொல்லுறார், பிள்ளைக்கு வெயில் காட்டுங்கோவாம். எதுக்குள்ளாலை காட்டுறது, திறப்பு ஓட்டையாலையோ?

இண்டைக்கு ஆறு மணிக்கு முன்னம் ஏழாவது மேப் திருத்திப் போகாட்டி வேறை ஆளைப் பாப்பினமாம். அதுதான் கொம்பியூட்டரைப் பாக்க வரச்சொல்லி இவர் காலமை உங்களுக்குப் போன் அடிச்சது. அடிச்சிட்டுக் கிழவனிட்டை ஓடீட்டார்.

வடை எடுங்கோ. எடுங்கோ அண்ணை, கீபோட்டிலை எண்ணெய் படும் எண்டால் பிறகு தொடலாம்.

முதல் ரெண்டு மேப்பும் திரும்பி வந்தது, அது தெரியுமே? அத்மொஸ்பேரா இல்லையாம். அது என்ன கோதாரி எண்டு நான் கேட்டன். உள்ளை போனால் உடம்பு சில்லிட வேணும், அதுதானாம். நான் பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டு எட்டிப் பாத்தன். மனுசன் சிலந்தி வலையைச் சுவரின்ரை நட்ட நடுவிலை ஒட்டி வைச்சிருக்கிறார், கலண்டர் கொழுவின மாதிரி. எனக்குப் பொறுக்கேல்லை. கால்சாப் பக்கத்திலை நான் துடைக்கப் போற சினியோரா அம்மாவின்ரை வீடு முப்பது அறை, பழைய அரண்மனை, பலாத்சோ. அவ விரலாலை தடவிப் பாக்கிறவ. ஊத்தை எங்கை படுக்கும் எண்டு எனக்குத் தெரியாதே? ஒட்டறை கதவுக்குப் பின்னாலை, மேல் மூலையிலை. கரி பிடிக்கிறது விளக்குக்கு மேலை, பக்கத்திலை இல்லை. படியெண்டால் நடுத் தேயும், கரையிலை தூசி நிக்கும். ஒருத்தரும் போகாத அறையிலை தூசி மட்டமாக் கிடக்கும். ஆரும் வந்து போயிருந்தால், கதவு துறந்த இடத்திலை அரைவட்டம் தெரியும். அந்த அரைவட்டத்தை மட்டும் கீறுங்கோ, ஆளைக் காட்டாதேங்கோ, போறவன் தன்பாட்டிலை பயப்பிடுவான் எண்டன்.

மூண்டாவது மேப் போச்சு. ‘பிராவோ டினேஷ்’ எண்டு மறுமொழி. நாலாவதுக்கும் பிராவோ டினேஷ். அமலினி எண்ட பேர் மிலானுக்குப் போகேல்லை. பேர் போகாட்டி என்ன, என்ரை ஊத்தையாவது போச்சே.

பேந்து எனக்கும் மவுஸ் பிடிக்கப் பழக்கிவிட்டார். அவர் சுவர் கட்டிப்போட்டுப் போவார், நான் ஊத்தை போடுவன். காலமை சினியோராவுக்கு ஊத்தை எடுக்கிறது, பின்னேரம் மிலானுக்கு ஊத்தை போடுறது. நல்ல சீவியம்தான்.

ஏழாவதுக்கு அவை எழுதினதைக் கேளுங்கோ. உங்கடை குகைக்கு மாத வாடகை எவ்வளவு, நாங்கள் லீவுக்கு வரலாமோ எண்டு கேட்டிருக்கிறா அந்தப் பிள்ளை. பகிடி. விளையாடிப் பாத்தவன் உள்ளை இறங்கினானாம். எல்லா விளக்கும் எரியுதாம். ஒரு சிலந்தி வலை இல்லை, ஒரு எலும்பு இல்லை, நிலம் மினுங்குதாம். கடைசி அறையிலை பெரிசா ஒரு யன்னல், வெளியிலை கடல். அவன் யன்னலாலை ஏறி வெளியிலை போயிட்டான். நாப்பது செக்கன்ட். வாளை உருவவே இல்லை. அவனோடை சண்டை பிடிக்க வைச்ச மிருகம் தன்ரை பாட்டிலை நித்திரை.

இவர் காலமை துறந்து பாத்தார், தான் வைச்சது ஒண்டையும் காணேல்லை. முகம் வெளிறிப் போச்சு. சுவர்த் தண்ணி உள்ளை போய்ப் பழுதாக்கிப்போட்டுதெண்டார். பிறகு வைரஸ் எண்டார். பிறகு பிள்ளை சோத்துக் கையாலை தொட்டதெண்டார், அவள் பாவம் அழுதாள். வீட்டிலை இருக்கிற எல்லாத்தையும் சந்தேகப்பட்டார் அண்ணை, என்னை மட்டும் இல்லை. அது மரியாதையோ, இவளுக்கு ஒட்டறை போடத்தான் தெரியும் எண்ட நினைப்போ… நான் கேக்கேல்லை. சோத்துப் பெட்டியைக் குடுத்து அனுப்பிவிட்டன்.

ஐயோ, அதைத் துறந்திட்டியளே? தேத்தண்ணி ஆறப்போகுது.

என்ன அது, அந்தக் கரையிலை எழுதியிருக்கிறது? திகதியோ… எப்ப தொட்டது எண்டும் இது எழுதி வைக்குமோ? எனக்கு இதை ஒருத்தரும் சொல்லேல்லையே. சினியோரா வீட்டுத் தூசியை விட மோசமாக் கிடக்கு.

வியாழக்கிழமை, மூண்டு பத்து.

ம்ம்.

வியாழக்கிழமை மூண்டு பத்துக்கு இவர் கிழவனுக்குக் கால் கழுவிக்கொண்டு நிண்டிருப்பார்.

ஓம் அண்ணை. நான்தான்.

அப்பிடிப் பாக்காதேங்கோ. சொல்லுறன். ஏழாவது மேப்பிலை சுவரெல்லாம் கட்டிப்போட்டார், கடைசி அறைக்கு எலும்பும் ஒட்டறையும் போட்டு விடெண்டு சொல்லிப்போட்டுப் போனார். நான் அந்த அறைக்குள்ளை போனன். மூலையிலை கல்லுக் கட்டில் மாதிரி ஒண்டு, அதிலை மிருகம் படுத்திருக்கு. மேலை சுவரிலை பூஞ்சணம். அந்தப் பூஞ்சணத்துக்கு நாலு கால், ஒரு வால், ஒரு காது மடிஞ்சிருக்கு.

திரும்பி உங்களுக்குப் பின்னாலை பாருங்கோ. பிள்ளையின்ரை கட்டிலுக்கு மேலை.

ஓம், அதேதான். ஜெனனி அதுக்கு நாய் எண்டு சொல்லுறவள், படுக்கேக்கை நாய்க்கும் ‘சாவோ’, போட்டு வாறன், எண்டு சொல்லிப்போட்டுத்தான் படுப்பாள். இவர் போன் கமெராவாலை படம் எடுத்து அப்பிடியே ஒட்டியிருக்கிறார். பிள்ளை இருமி இருமிப் படுக்கிற இடம் மிலானுக்கு அத்மொஸ்பேரா. எனக்கு என்ன வந்ததோ தெரியேல்லை. முதல் நாயை அழிச்சன். உண்மையிலை மூண்டு வருசமா வினாகிரி போட்டுத் தேய்ச்சும் போகாத நாய், ஒரு தட்டிலை போச்சு. அவ்வளவு லேசு. பிறகு கை நிக்கேல்லை. ஒட்டறை, எலும்பு, கரி, ஒவ்வொரு அறையாத் துடைச்சுக்கொண்டு வந்தன். விளக்கெல்லாம் கொளுத்தினன். கடைசியா யன்னல். வெளியிலை வெறும் கறுப்பாத் தெரிஞ்சுது, அதுக்குக் கடலைத் தேடிப் பிடிச்சு வைச்சன். மிருகத்தை எழுப்பேல்லை, அது தன்ரை பாட்டிலை படுக்கட்டும் எண்டு விட்டிட்டன்.

பிள்ளையைத் தூக்கி மடியிலை வைச்சுக் காட்டினனான். அவள் யன்னலைத் தொட்டுப் பாத்தாள்.

இவர் வர முன்னம் பழையபடி ஆக்குவம் எண்டுதான் நினைச்சன். எங்கை ஆக்குறது, எனக்கு அழிக்கத்தானே தெரியும். சொல்லுவம் எண்டு வாயைத் துறப்பன், வராது. அடுத்த நாள் கிழவனுக்கு ஏலாமல் போய், இவர் அவசரத்திலை துறந்தும் பாக்காமல் அனுப்பிப்போட்டார். இப்ப பாருங்கோ, யன்னல் வைச்சே யன்னல் வீட்டைக் கெடுத்தவள் நான்.

என்ன சொல்லுறியள்? பழைய மேப்பின்ரை கொப்பி உள்ளை கிடக்குதோ? புதன்கிழமை இருந்த மாதிரியே வருமோ… ஒரு தட்டோ? அட, இது தெரிஞ்சிருந்தால் நான் உங்களுக்கு ஒன்பது வடை சுட்டிருக்கத் தேவையில்லை.

தட்டுங்கோ. இல்லை, நான் தட்டமாட்டன், நீங்கள் தட்டுங்கோ. நாயும் வரட்டும். ஓம்… கடல் போச்சு. சரி. இனி கடைசி அறைக்கு எலும்பும் ஒட்டறையும்தான் மிச்சம், தள்ளுங்கோ, அது என்ரை வேலை, அரை மணித்தியாலம் போதும். இவர் கேட்டால் கொம்பியூட்டர்தான் பழுது எண்டு சொல்லிவிடுங்கோ அண்ணை. தண்ணி பூந்ததெண்டு…

வேண்டாம். பிள்ளையை அழப்பண்ணினவர். பழி அவளிலை கிடக்கு, நான் வடை சுட்டுக்கொண்டு நிக்கிறன்.

கதவு. அவர்தான், வாளியிலை தடக்கிற சத்தத்திலை தெரியும். இருங்கோ அண்ணை, எழும்பாதேங்கோ, நீங்கள் இருந்தாத்தான் எனக்கு வாய் வரும்… அண்ணை… சரி, போங்கோ. கதவைச் சாத்தாதேங்கோ, வெளிச்சம் வரட்டும்.

இஞ்சேருங்கோப்பா, என்னத்துக்கு அப்பிடி நிக்கிறியள்? கொம்பியூட்டருக்கு ஒண்டும் இல்லையாம். பிள்ளையும் தொடேல்லை, பக்கத்து வீட்டிலை நிக்கிறாள், அவளிட்டைப் போய் முதல் அதைச் சொல்லுங்கோ. உங்கடை கிடங்கிலை யன்னல் வைச்சது நான். அண்ணை அதை அடைச்சுத் தந்திட்டார், ஆறு மணிக்கு முன்னம் இருட்டாக்கித் தாறன், அனுப்புங்கோ. அனுப்பேக்கை என்ரை பேரையும் எழுதுங்கோ.

அங்கை நான் ஒரு பின்னேரத்திலை யன்னல் வைச்சன். இஞ்சை நீங்கள் எப்ப வைக்கப்போறியள்?