செம்பருத்திக்கு ஊற்றிய தண்ணீர்

அக்கா, செம்பருத்திக் கம்பு ஒன்று வெட்டிக் கொடுத்துவிடச் சொன்னாய். பென்சில் கனத்தில் முற்றின கம்பாகப் பார்த்து வைத்திருக்கிறேன். அடி இலைகளை உருவிவிட்டு நடு. வேர் பிடிக்கும்வரை மண் காயக் கூடாது. தண்ணீருக்கு ஏங்கினால் இந்தச் செடி மொட்டுகளையெல்லாம் உதிர்த்துவிடும். தண்ணீர் இல்லாமல் ஓர் உயிர் என்னவாகும் என்று தெரியாமல் நான் அதைச் செய்யவில்லை.

இடுப்பொடிந்து படுக்கையோடு கிடந்த அம்மாவைப் சம்பளத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்த டார்லின், கல்யாணமாகிப் போனாள். வேறு ஆள் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று உன்னிடம் போனில் பெரிய யோக்கியன் மாதிரி சொன்னேன். சோறு ஊட்டினேன், தலை வாரினேன். துணி மாற்றுவதுதான் முடியவில்லை. நனைந்த சேலையை உருவும்போது அம்மா கண்ணை இறுக மூடிக்கொள்வாள். நான் சுவரைப் பார்ப்பேன். இந்த வயதில் ஒரு மகனுக்கு இது என்ன வேலை என்று வெட்கமாக இருந்தது. அவளுக்கும் அதே வெட்கம்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

தண்ணீரைக் குறைத்தால் நனைவதும் குறையும். அவ்வளவுதான் என் யோசனை. முதலில் ராத்திரித் தண்ணீரை நிறுத்தினேன். பிறகு காப்பியைப் பாதியாக்கினேன். பிறகு மாத்திரை விழுங்க மட்டும். துணி காய்ந்திருந்த நாட்களில் எனக்கு நிம்மதியாக இருந்தது. வருகிறவர்கள் பார்ப்பதற்காகத் தலைமாட்டில் ஒரு செம்பு நிறைத்து வைப்பேன். சாயங்காலம் அதை அப்படியே ஜன்னலுக்கு வெளியே தொட்டியில் நின்ற செம்பருத்திக்கு ஊற்றுவேன். நல்ல ஆற்றுத் தண்ணீர், வீணாக்க மனம் வராது.

ஒரு நாள் அம்மா அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். "ஏலே கணேசு, செடிக்கு ஊத்துததுல ரெண்டு மடக்கு எனக்கும் தாயேன்" என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. மறுநாள் தொட்டியைப் புறவாசலுக்கு நகர்த்திவிட்டேன்.

டாக்டர் அவள் நாக்கைப் பார்த்துவிட்டு, "தண்ணி குடிக்காங்களா?" என்று கேட்டார். "குடிக்க மாட்டேங்காங்க சார்" என்றேன். அம்மா கேட்டுக்கொண்டுதான் கிடந்தாள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. ஆனாலும் திருத்திச் சொல்லவில்லை.

கடைசி நாள் உனக்கு நினைவிருக்கும். குறுக்குத்துறை ஆற்றிலிருந்து தண்ணீர் எடுத்துவரச் சொல்லி நீதான் அவள் வாயில் ஊற்றினாய். மடக்கு மடக்கென்று குடித்தாள். "ஆசை தீரக் குடிக்கா பாரு" என்று அத்தை அழுதாள். பாதியில் நிறுத்தி, கண்ணால் என்னைத் தேடி, "இன்னும் குடிக்கட்டுமாலே?" என்று அம்மா கேட்டாள். நினைவு தப்பிப் பேசுகிறாள் என்றாய். அவளுக்கு நினைவு தப்பவில்லை, அக்கா.

பதினாறாம் நாள் வந்தவர்களிடம், "எந்தம்பி அம்மையப் பூ மாதிரி வச்சுப் பாத்துக்கிட்டான்" என்று சொன்னாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வெட்கத்தால் செய்தேன் என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லி வந்தேன். ஆனால் அந்தக் கடைசி நாளில் துணி மாற்ற நீ இருந்தாய், அத்தை இருந்தாள். எனக்கு ஒரு வேலையும் இல்லை. அப்படியிருந்தும், அவள் கேட்டதற்கு நான் "போதும்மா" என்றேன். நீ செம்பைக் கீழே வைத்தாய்.