மூங்கில் தட்டியவர்

மவுண்ட் ரோஸ்கில் பேருந்தில் என் முன்னிருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள். இளையவர் யாழ்ப்பாணம், மூத்தவர் மதுரைப் பக்கம். இளையவர்தான் தொடங்கினார்.

“மரியாதை கூடிப்போய் எல்லாரும் விழுந்திட்டினம், அக்கா.”

“யாரு?”

“நேற்று விழா ஒத்திகையில. பிலிப்பைன்ஸ் பிள்ளையள், நிலத்தில தட்டித் தட்டிச் சேர்க்கிற ரெண்டு மூங்கில் தடியளுக்குள்ள கால் மாட்டாமத் துள்ளி ஆடினவை, ஜப்பான்காரர் மேளம் அடிச்சவர். ஆட்டம் வேகமாப் போகுதெண்டு அவர் வேகமா அடிக்க, மேளம் வேகமாப் போகுதெண்டு அவையள் வேகமா ஆட...”

“மெதுவா போங்கன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“மற்றவை மனம் நோகுமெண்டு ரெண்டு பக்கமும் வாய் திறக்கேல்லை.”

“நீ பார்த்துட்டு இருந்தியா?”

“நான்தானே தடியளைத் தட்டினனான்.”

“அப்ப நீயாவது நிறுத்தியிருக்கலாமே.”

“முதல்ல வேகத்தைக் கூட்டினதே நான்தான், அக்கா. ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ. விழுந்து கிடந்து சிரிச்சவை, சனிக்கிழமை மேடையிலயும் அந்த வேகம்தான் வேணுமாம்.”