கயிற்றின் பின்முனை

"ஹலோ... ஹலோ, ராமோனா? கேக்குதா?... நான்தான்டி, எர்மீனியா... ஆமா, ஆமா, வண்டியிலதான் இருக்கேன்... இல்ல, ஓட்டல. ஓட்டற மாதிரி உக்காந்திருக்கேன்... என்ஜின் போச்சு. காலையிலேயே போச்சு, சரளை ரோட்டுல, நட்ட நடுவுல... ஒவிதியோ வந்தான். கயிறு கட்டி இழுத்துட்டுப் போறான்... ஆமா, என் தம்பிதான்... தங்கமான பையன்னு சொல்லாத. சொல்லாதன்னா சொல்லாத!... ஏன்னா அவன் கடல் பக்கம் போகல. என்னைத் திருப்பி வீட்டுக்கே இழுத்துட்டுப் போறான்."

எர்மீனியா போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்திருந்தாள். இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. நின்றுபோன வண்டியின் ஸ்டியரிங் கல்லாய்க் கனத்தது. நாலு மீட்டர் முன்னால் தம்பியின் பிக்கப் வண்டி போய்க்கொண்டிருந்தது. சரளை ரோட்டில் அது வாரியிறைத்த புழுதி கண்ணாடி முழுக்க அப்பியிருந்தது. துடைக்க வைப்பர் வேலை செய்யவில்லை. ஹாரனும் இல்லை, விளக்கும் இல்லை. பேட்டரி செத்துக் கிடந்தது.

"எப்படித் தெரியுமா? சூரியன்டி! மணி மூணு. கடலுக்குப் போறதுன்னா வெயில் முதுகுல அடிக்கணும். எனக்கு மூஞ்சில அடிக்குது... ஆமா, சரளை முடிஞ்சு தார் ரோடு வருமே, அந்த முக்குல. வலது பக்கம் திரும்பணும். வலது சிக்னல்தான் போட்டான், நானும் நிம்மதியா இருந்தேன். பார்த்தா இடது பக்கம் திரும்பிட்டான்... அந்தப் பக்கம் போனா சுத்திக்கிட்டு மறுபடியும் எங்க பண்ணை வீட்டுக்கே போயிடலாம்... முப்பது கிலோமீட்டர் ஆயிருக்கும்... போன் பண்ணாம இருப்பேனா? ஏழு தடவ பண்ணேன். அடிக்குது. எடுக்க மாட்டேங்கறான். கண்ணாடியில என்னைப் பார்க்கறான். கையத் தூக்கி, எல்லாம் சரியா இருக்குங்கற மாதிரி காட்டறான். சரியா இருக்காம்!"

லோபெரியா துறைமுகத்தில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறை இருந்தது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு எர்மீனியா அங்கே வேலையில் சேர வேண்டும். அந்த வேலைக்கு அவள் பெயரைச் சொன்னவள், துறைமுகத்திலேயே இருந்த தோழி ராமோனா. இடத்தைப் பிடித்து வைத்திருந்தவளும் அவள்தான். அன்று ஞாயிற்றுக்கிழமை. பக்கவாதம் வந்து படுத்த அப்பாவுக்குப் பதினோரு வருஷம் சோறூட்டித் துணி மாற்றியவள், நாற்பத்தெட்டு வயதில் முதல் முறையாகத் தனக்கென்று ஒரு பெட்டி கட்டியிருந்தாள். இனிமேல் தானும் தன் மனைவி செல்மிராவும் பார்த்துக்கொள்வோம் என்று ஒவிதியோ சொல்லியிருந்தான். முந்தின நாள் ராத்திரி அவளுக்காக ஒரு ஆட்டை அறுத்து நெருப்பில் வாட்டிப் போட்டதும் அவன்தான்.

"அழல... அழலடி, புழுதி... சரி, அழறேன், போதுமா?... எப்படி இறங்கறது? அறுபதுல போறான். குதிக்கச் சொல்றியா?... பிரேக்கா? இருக்கு. என்ஜின் இல்லாம அமுக்கினா கால் ஒடிஞ்சிடும் போல இருக்கு... ஐயோ, வேணாம். இந்த வேகத்துல அமுக்கினா கயிறு அறுந்து கண்ணாடியில அடிக்கும். எங்க பெரியப்பாவுக்கு அப்படித்தான் கண்ணு போச்சு... பெட்ரோல் பங்கா? இந்த ரோட்டுலயா? நூத்தம்பது கிலோமீட்டருக்கு குவானக்கோ மந்தையும் முள்ளுந்தான். இதோ, வேலி ஓரமா ஒரு கூட்டம் நின்னு என்னையே பார்க்குதுங்க... சிரிக்காதடி!"

ஆனால் அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. கயிறு ஒரு கணம் தொய்ந்து, மறுபடி விறைத்து, வண்டியை வெடுக்கென்று இழுத்தது. அவள் தலை பின்னால் போய் மோதியது. எங்கே திரும்புவது, எப்போது நிற்பது, எவ்வளவு வேகம் என்பதெல்லாம் அந்த முனையில் இருந்தது. அவன் வளைத்த பக்கம் வளைத்து, கயிறு தொய்யாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் அவள் வேலை. அதையும் இத்தனை நேரம் ஒழுங்காகச் செய்துகொண்டே வந்திருக்கிறாள் என்பது நினைப்பில் தட்டியதும் அவளுக்குக் காது சூடானது.

"ராமோனா, இரு... மேடு வருது. பெரிய மேடு... அவன் வண்டி திணறுது. கியர் மாத்தறான்... நாப்பது இருக்கும்... முப்பது... ஆமா... ஆமா, இப்பதான். போனக் கீழ வெக்கிறேன், வெச்சுடாத, பேசாம இரு—"

அவள் இரண்டு காலையும் சேர்த்து பிரேக் மேல் ஏறி நின்றாள். முதுகு சீட்டில் அழுந்தியது. டயர் கிறீச்சிட்டது. பிக்கப்பின் பின்பக்கம் ஒருமுறை தாழ்ந்து எழுந்தது. பிறகு துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். கயிற்றின் முனை பானெட் மேல் அடித்து விழுந்தது. கண்ணாடி தப்பித்தது. வண்டி பின்னால் உருளப் பார்த்தது. அவள் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"அறுந்துடுச்சு... அறுந்துடுச்சுடி!... ஒண்ணும் ஆகல... அவனும் நிறுத்திட்டான். மேட்டு மேல... இறங்கறான். நடந்து வர்றான். கையில இன்னொரு கயிறு வெச்சிருக்கான், பாவி... வெச்சுடாத. கேட்டுக்கிட்டே இரு."

அவள் கதவுக் கண்ணாடியை நாலு விரல் அளவுக்கு இறக்கினாள். காற்று ஊளையிட்டுக்கொண்டு உள்ளே வந்தது. வெளியே நின்று ஒவிதியோ பேசியது அந்தக் காற்றில் பாதி போயிற்று. ராமோனாவுக்குக் கேட்டது எர்மீனியாவின் குரல் மட்டும்தான்.

"சத்தமாப் பேசு... எவ போயிட்டா? செல்மிராவா?... எப்போ?... நான் கிளம்பின உடனேயா?... அவ அம்மா வீட்டுக்கு... ம்... அப்போ அப்பாகிட்ட யாருடா இருக்கா?... ஆட்டு மயிர் கத்தரிக்க வந்த ஆளா? டேய், உனக்கு மூளை இருக்கா?... அதனால என்னைக் கேக்காம கொள்ளாம இழுத்துட்டுப் போயிடலாம்னு முடிவு பண்ணிட்ட... கேட்டா வரமாட்டேனா? ஆமா, வரமாட்டேன். அது தெரிஞ்சுதானே நீ கேக்கல?"

அவன் குனிந்து அவள் வண்டியின் முன்பக்கக் கொக்கியில் புதுக் கயிற்றை முடிய ஆரம்பித்தான். முடிச்சு இரண்டு தடவை நழுவி, அவன் மறுபடி மறுபடி குனிவதை அவள் பார்த்தாள். அவனுக்குப் பயம். அப்பாவோடு தனியாக ஒரு ராத்திரி இருக்கப் பயம். முப்பத்தொன்பது வயது ஆணுக்கு. ஒரு நொடி அவள் கை மறுபடி ஸ்டியரிங்குக்குப் போனது. சின்ன வயதில் ஜுரம் வந்தால் அவள் மடியில்தான் படுப்பான்.

பிறகு அவள் கதவைத் திறந்தாள். காற்று அதை அவள் கையிலிருந்து பிடுங்கியது.

"கட்டு, நல்லாக் கட்டு... ஆனா நான் உக்கார மாட்டேன்... ஸ்டியரிங்ல ஆள் இல்லாம எப்படி இழுப்ப? முதல் வளைவுலயே பள்ளத்துல இறங்கிடும்... அது உன் பாடுடா. வண்டி வேணும்னா இங்கேயே கிடக்கட்டும்... இல்ல. இல்ல, ஒவிதியோ. இந்த ஞாயித்துக்கிழமை மட்டும்னு சொல்லாத. அப்படிச் சொல்லித்தான் பதினோரு வருஷம் ஓடுச்சு."

அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு கடல் இருக்கும் திசையில் நடக்க ஆரம்பித்தாள். காற்று இப்போது முதுகில் கை வைத்துத் தள்ளியது.

"ராமோனா... ஆமா, நடக்கறேன்... தெரியல, எதாவது வரும்... நீ எதிர்ல வர்றியா? முக்குல நிக்கிறியா?... எத்தனை மணி நேரம்?... சரி, சரி... இரு, எதோ வருது. லாரி... கம்பளி மூட்டை ஏத்தின லாரி. துறைமுகத்துக்குத்தான் போகும்... கையக் காட்டறேன்... நிறுத்தறான்டி! நிறுத்திட்டான்!"

லாரிக்காரன் கதவைத் திறந்து, வா என்று தலையசைத்தான். அவள் படியில் கால் வைத்தபோதுதான் பெட்டி வண்டியிலேயே இருப்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தாள். ஒவிதியோ அதைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் ஓடி வந்துகொண்டிருந்தான். காற்று அவன் தொப்பியைக் கொண்டுபோய்விட்டது, அவன் அதை எடுக்க நிற்கவில்லை. மூச்சு வாங்கப் பெட்டியை லாரியில் ஏற்றினான். அவள் முகத்தைப் பார்க்காமல் என்னவோ கேட்டான்.

"என்ன?... ராத்திரிக்கா?... பால்ல ரொட்டியப் பிச்சுப் போடு. சூடாக் குடுக்காத, ஆறட்டும்... சின்ன ஸ்பூன். இடது பக்க வாயில குடு, வலது பக்கம் அவருக்கு முழுங்க வராது... அவசரப்படாத. முழுங்கறவரைக்கும் கையப் பிடிச்சுக்க... வரும்டா, உனக்கும் வரும்."

லாரி கிளம்பியது. போனில் ராமோனா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"இருக்கேன்டி, இருக்கேன்... ஏறிட்டேன்... வெச்சுடு, ராமோனா. கொஞ்ச நேரம் ரோட்டப் பார்த்துட்டு வர்றேன்."