திங்கக்கிழமை பேர் மாத்திக்கலாம்

— இன்னொரு தடவை அவன் முட்டிய உடைக்கிறேன்னு சொன்னே, இந்தக் காபிய உன் மூஞ்சியிலயே ஊத்திருவேன், ஹாசிந்தோ.

— பின்ன எதுக்குக்கா என்னை மலையிலேர்ந்து இந்தப் பரஹோனா டவுனுக்குக் கூட்டிட்டு வந்தே? அந்தா, ரோட்டுக்கு அந்தப் பக்கம் உக்காந்து டோமினோ ஆடிக்கிட்டிருக்கான் பாரு. கழுத்துல சங்கிலி வேற. நான் ஜெயில்ல கிடந்தப்ப வாங்கினதா இருக்கும்.

— எதுக்கு வந்தோம்னு பஸ்லயே சொல்லிட்டேன். பைக் வாங்க.

— அவன்கிட்டயா?

— அவன்கிட்டதான். எவாரிஸ்தோகிட்டயேதான்.

— உனக்கு வெயில் தலைக்கேறிருச்சு. என் சிவப்பு வண்டிய அவன்கிட்டதான வித்தேன்? திங்கக்கிழமை பேர மாத்திடறேன்னான். வித்த பத்திரத்துல கையெழுத்து வாங்கி டிராயர்ல போட்டுக்கிட்டான். மாத்தவே இல்ல. வண்டி நாலு கை மாறி, எவனோ ஒரு எழவெடுத்தவன் அதுல வந்து மருந்துக்கடை அம்மாவ இழுத்துத் தள்ளி, கைய ஒடிச்சு, பையப் பிடுங்கிட்டுப் போயிட்டான். நம்பர் யார் பேர்ல? என் பேர்ல. இருபத்திரெண்டு மாசம்க்கா!

— எனக்கே கதை சொல்றியா? இருபத்திரெண்டு மாசமும் சட்டியில சோறு தூக்கிட்டு வந்தவ யாரு?

— அந்தப் பையில இருக்கறது அம்மாவோட காபித் தோட்டத்த வித்த காசு. அதையா இவனுக்குக் குடுக்கப் போறே?

— கேட்டுக்கோ. அம்மா இந்த ரோட்டுல எத்தனை திங்கக்கிழமை நடந்தா தெரியுமா? பத்தொன்பது. "என் மகன் வண்டிய உங்களுக்கு வித்துட்டான்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்கய்யா"ன்னு கேட்டுக்கிட்டு. ஒவ்வொரு தடவையும் அடுத்த திங்கக்கிழமை வாங்கன்னான். கடைசியில போலீஸ் கேட்டப்ப, இப்படி ஒருத்தனப் பாத்ததே இல்லைன்னுட்டான். அதக் கேட்டுட்டு வந்து படுத்தவதான் அம்மா.

— அவளத் தூக்கினப்ப நான் தோள் குடுக்கல.

— குடுக்கல. அதனாலதான் சொல்றேன், முட்டி போதாது. முட்டி ஆறு வாரத்துல கூடிரும்.

— அவன் என்னை அடையாளம் கண்டுக்கிட்டா?

— நீ கண்ணாடி பாத்து எத்தனை நாளாச்சு? அப்ப தொண்ணூறு கிலோ இருந்தே, தலை நிறைய முடி. இப்ப எனக்கே சில நேரம் சந்தேகம் வருது. நீ மெக்கானிக். வண்டியப் பத்தி மட்டும் பேசு. யார் பேர்ல இருக்குங்கறத நான் கேப்பேன். அப்ப வாயத் திறக்காத.

— எதுக்கு?

— மணி என்ன?

— பன்னெண்டரை. சனிக்கிழமைல, ஆபீசெல்லாம் மூடிருப்பான்.

— அப்ப கப்ப வெச்சிட்டு ரோட்டைத் தாண்டு.

— வாங்க வாங்க வாங்க! எவாரிஸ்தோ கடைக்கு இன்னைக்கு ரெண்டாவது தடவையா விடியுது! உக்காரு ராணி, அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காரு. இவரு வீட்டுக்காரரா?

— மெக்கானிக்குங்க. கூலிக்குக் கூட்டிட்டு வந்தேன். பேச்சு கம்மி.

— பேச்சு கம்மியான மெக்கானிக்கா? இந்த நாட்டுலயா? கண்ணாடிப் பெட்டியில வைக்கணும்யா உன்னை! சொல்லு ராணி, என்ன வேணும்? எழுபது சி.சி.யா, நூத்திப் பதினஞ்சா, நூத்தி இருபத்தஞ்சா?

— மலைக்கு மேல, போலோ வரைக்கும் ஏறணும். காபி மூட்டை ஒண்ணு பின்னாடி கட்டணும்.

— அப்ப இந்தப் பச்சை. கழுதை மாதிரி ஏறும், ஆனா கழுதை மாதிரி உதைக்காது.

— ஸ்டார்ட் பண்ணுங்க.

— இதோ மெக்கானிக் ஐயா, ஒரே உதை. கேட்டியா, பாட்டு மாதிரி?

— புகை நீலமா வருது. ரிங் தேஞ்சிருச்சு. ஆயில் குடிக்கும்.

— கொஞ்சம் குடிக்கும்தான். சனிக்கிழமை யார்தான்யா குடிக்கல?

— இது யார் பேர்ல இருக்குங்க?

— பேரா? நெய்பா ஊர்ல ஒரு வாத்தியார் பேர்ல. தங்கமான மனுஷன். ஆறு வருஷம் ஆச்சு செத்து.

— செத்தவர் பேர்லயா ஓடுது?

— நீ எந்த மலையிலேர்ந்து இறங்கினே, ராணி? பேர் மாத்தணும்னா வரி கட்டணும், வக்கீல் வெக்கணும், வரிசைல நிக்கணும். வண்டி விலையில கால்வாசி அங்கயே கரைஞ்சிரும். நம்ம ஊர் வண்டியெல்லாம் முதல் அப்பன் பேரோடதான் சாகற வரைக்கும் சுத்தும். ஒருத்தரும் மாத்தறதில்ல. ஒருத்தரும் செத்துப் போயிடல. வாத்தியாரத் தவிர.

— அந்தக் கறுப்பு?

— சேஸிஸ் நம்பர அரத்தால ராவியிருக்கான்.

— உப்புக் காத்துய்யா! கடல் எங்க இருக்கு பாரு, கூப்பிடு தூரத்துல!

— உப்புக் காத்து நம்பர மட்டும் தேடித் தின்னுச்சா?

— இப்ப மட்டும் பேச்சு வருது பாரு மெக்கானிக்குக்கு! சரி ராணி, அத விடு. இந்த நீலத்தப் பாரு. டயர் புதுசு, செயின் புதுசு. ஒரு பொம்பளை ஓட்டினது. ஸ்பெயினுக்குப் போயிட்டா. அவ பேர்லதான் இருக்கு, அவ திரும்பி வரவும் மாட்டா.

— நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு எவனாவது இந்த வண்டில போய் வம்பு பண்ணினா? போலீஸ் யாரைத் தேடும்? ஸ்பெயினுக்கா போகும்?

— அது அவ பாடு! நமக்கென்ன? அப்படி ஒரு தடவை ஆச்சு, சொன்னா நம்ப மாட்டே. ஒருத்தன் எனக்கு ஒரு எழுபது வித்தான். எங்கயோ போய், யாரோ பை பிடுங்கி, வித்தவன உள்ள தள்ளிட்டாங்க. அவன் ஆத்தா, ஒரு கிழவி, வாராவாரம் இங்க வந்து நிக்கும். இந்தக் கம்பத்தப் பிடிச்சிக்கிட்டே நிக்கும். உக்காருன்னாலும் உக்காராது. நச்சு.

— என்ன கேட்டுச்சு?

— எழுதிக் குடுன்னு கேட்டுச்சு. எழுதிக் குடுத்தா அடுத்து கோர்ட்டுல நான்ல போய் நிக்கணும்? கடைக்கு வரி கட்டினியா, கணக்கு வெச்சியான்னு நோண்டுவான். திங்கக்கிழமை வா, திங்கக்கிழமை வான்னு அனுப்பிக்கிட்டே இருந்தேன். அப்புறம் வரல. சலிச்சுப் போயிருக்கும். ஏய் மெக்கானிக், அந்த ஸ்பேனர ஏன் அப்படிப் பிடிச்சிருக்கே? வண்டியக் கழட்டப் போறியா, என்னையா?

— அத கீழ வை. செயினைப் பாரு நீ. கீழ வைன்னு சொல்றேன்ல.

— செயின் நல்லாத்தான் இருக்கு.

— அப்ப சரி. அங்க நிழல்ல, துண்டு போத்தி ஒண்ணு நிக்குதே?

— ஆ! ராணிக்குக் கண்ணு இருக்கு. ஆனா அது விக்கறதில்ல. அது என்னோடது.

— துண்டத்தான் எடுங்களேன்.

— எடுத்துட்டா அப்புறம் மத்ததெல்லாம் உனக்குப் பிடிக்காது. பாரு! முத்து மாதிரி வெள்ளை. பதினோரு மாசம்தான் ஆச்சு. ஞாயித்துக்கிழமை கடற்கரைக்கு மட்டும் எடுப்பேன். மழையே படல.

— யார் பேர்ல இருக்கு?

— என் பேர்ல! பெட்டியப் பிரிச்சவனே நான்தான். ஆர்.சி. புக்கப் பாரு: எவாரிஸ்தோ குவெயோ. விலாசம், போட்டோ ஒட்டாத குறைதான். இந்தக் கடையிலயே சொந்த அப்பன் பேரோட நிக்கற ஒரே வண்டி இதுதான்.

— எனக்கு இது குடுங்க.

— நான் சொன்னது காதுல விழலையா? விக்கறதில்ல ராணி.

— மலைக்குப் போற வழியில ரெண்டு செக்போஸ்ட். செத்தவர் பேர்ல வண்டி ஓட்டினா ஏறும்போது ஒருத்தன் பிடுங்குவான், இறங்கும்போது ஒருத்தன் பிடுங்குவான். உயிரோட இருக்கற ஆள் பேர்ல இருந்தா, உங்களுக்கு ஒரு போன் போட்டா முடிஞ்சுது. "ஆமா, என் வண்டிதான், விடுங்க"ன்னு நீங்க சொல்ல மாட்டீங்களா?

— உனக்காக சொல்ல மாட்டேனா? செக்போஸ்ட்ல நிக்கற ராணுவத்துக்காரனுங்க எல்லாம் நம்ம டோமினோ கூட்டாளிங்கதான். ஆனா...

— ஒரு லட்சம் பெசோ.

— என்ன?

— கையில. இப்பவே.

— யோவ் மெக்கானிக், இந்த அம்மாவுக்கு வெயில் தலைக்கு ஏறிடுச்சா?

— நானும் காலையிலேர்ந்து அதத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்.

— புதுசே அத விடக் குறைச்சலுக்கு வரும்... இல்ல, வராது. இந்த மாதிரி வராது. ஐயோ ராணி, என் நெஞ்சக் கீறி எடுக்கறே. சரி! எடுத்துக்கோ! என் பொண்டாட்டி அழுவா, நான் ஆறுதல் சொல்லிக்கறேன். காசை இங்க வை. துண்டையும் எடுத்துக்கோ, சும்மா.

— பேர் மாத்தறது?

— திங்கக்கிழமை பாத்துக்கலாம். இன்னைக்கு ஆபீஸ் மூடியாச்சு. உண்மையச் சொல்லணும்னா, மாத்தாமலே ஓட்டு. நீதான சொன்னே, என் பேர்ல இருந்தா உனக்கு நல்லதுன்னு.

— ஆமா, நானாத்தான் சொன்னேன். வித்த பத்திரம்?

— இதோ. நம்பர் எல்லாம் எழுதிட்டேன், இன்னைத் தேதி, என் கையெழுத்து. வாங்கறவங்க பேர மட்டும் வெறுமனே விட்டிருக்கேன். நாளைப்பின்ன நீ வேற யாருக்காவது வித்தா அவன் பேர எழுதிக்கலாம். எல்லாரும் இப்படித்தான்.

— என் அடையாள அட்டை நகல் ஒண்ணு வெச்சுக்கங்களேன்.

— எதுக்கு? காகிதம் சேந்தா வரி ஆபீஸ்காரன் மோப்பம் பிடிப்பான்.

— இந்தப் பத்திரத்துக்காவது ஒரு நகல்?

— ராணி, எனக்குக் காசு, உனக்கு வண்டி. நடுவுல காகிதம் என்னத்துக்கு?

— சரி. சாவி குடுங்க. ஹாசிந்தோ, ஏறு. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்.

— பாத்துப் போங்க, கிளட்ச் கொஞ்சம்... என்ன பேர் சொன்னே? ஹாசிந்தோவா?

— ஹாசிந்தோ ஃபெலிஸ். இதே மேஜை. இதே டிராயர். சிவப்பு எழுபது.

— ...உனக்குத் தலை நிறைய முடி இருந்துச்சே.

— அந்தக் கிழவி பேரு ஒஃபேலியா. சலிச்சுப் போகல. செத்துப் போச்சு.

— அம்மா, தாயி, கேளு. அது யாரும் வேணும்னு பண்ணினதில்ல. இறங்குங்க, வண்டிய நிறுத்துங்க. காசு இந்தா, அப்படியே இருக்கு, எடுத்துக்க.

— எதுக்கு? நியாயமா வாங்கின வண்டி. உன் கையெழுத்து என் மாருல பத்திரமா இருக்கு. திருட்டுப் போச்சுன்னு போலீசுக்குப் போனா இத நீட்டுவேன். மத்தபடி இத ஒருத்தன் கண்ணுலயும் காட்ட மாட்டேன். நீ அவன் கையெழுத்தக் காட்டினியா?

— வண்டிய என்ன பண்ணப் போறீங்க? யார் கையில குடுக்கப் போறீங்க?

— அது வண்டி பாடு. நமக்கென்ன? எந்தத் தெருவுக்குப் போகுமோ, எவ பையப் பிடுங்குமோ, யார் கால்ல ஏறுமோ. எங்க போனாலும் எவாரிஸ்தோ குவெயோவாத்தான் போகும்.

— வக்கீல வீட்டுலேர்ந்து இழுத்துட்டு வரேன்! வரிய நானே கட்டறேன், இப்பவே உன் பேருக்கு மாத்திடலாம்!

— இன்னைக்கு சனிக்கிழமை. ஆபீஸ் மூடியாச்சு.

— திங்கக்கிழமை! திங்கக்கிழமை விடிஞ்சதும்!

— வா. போலோவுல ஃபெலிஸ் வீடு எதுன்னு கேட்டா சொல்லுவாங்க. வாசல்ல கம்பம் ஒண்ணு இருக்கு, பிடிச்சுக்கிட்டு நிக்கலாம். நான் அடுத்த திங்கக்கிழமை வான்னு சொல்லுவேன். பத்தொன்பது தடவை சொல்லுவேன். எட்றா வண்டிய.

— அக்கா, கெட்டியாப் பிடிச்சுக்க. அவன் பின்னாலயே ஓடி வரான்.

— வரட்டும். நீ திரும்பிப் பாக்காத.

— நின்னுட்டான். கால்ல ஒரு செருப்பக் காணோம். அக்கா, இத எங்க விக்கலாம்? துறைமுகத்துக்குப் பின்னாடி ரெண்டு பேர எனக்குத் தெரியும், உள்ள இருந்தப்ப பழக்கம். வண்டி அவனுங்க கைக்குப் போச்சுன்னா திங்கக்கிழமைக்குள்ள ஒரு நகைக்கடையாவது காலி.

— விக்கறதில்ல.

— அப்ப நீ ஓட்டப் போறியா?

— ஓட்டறதும் இல்ல. எந்த மருந்துக்கடை அம்மாவுக்கும் இன்னொரு தடவை கை ஒடிய வேண்டாம். நேரா வீட்டுக்கு விடு. அம்மா கட்டில் கிடந்த இடத்துல நிப்பாட்டிட்டு, சாக்கப் போட்டு மூடிரு. துருப்பிடிச்சு உதிரட்டும்.

— தோட்டத்த வித்து, ஒரு லட்சத்த அவன் மேஜையில கொட்டிட்டு, வண்டிய மூடி வைக்கவா? அவன் திங்கக்கிழமை வந்து கேப்பானே?

— வண்டி வெளிய போயிருக்குன்னு சொல்லுவோம். யார் எடுத்துட்டுப் போனாங்கன்னு தெரியலைன்னு சொல்லுவோம்.

— அட, அப்ப அவனுக்கு ஒண்ணுமே ஆகாதேக்கா!

— ஆகாதுதான். ஆனா இனிமே ஒவ்வொரு தடவை அவன் வீட்டுக் கதவ யாராவது தட்டும்போதும் போலீசோன்னு நினைப்பானே, வண்டி சாக்குக்கு அடியிலதான் கிடக்குன்னு அவனுக்குப் போய் யாரு சொல்லப் போறா?