நூறு பவுனுக்கு ஒரு துப்பாக்கி

அதென்ன அண்ணாச்சி... ஒரு பொம்பள பாளையம்பட்டியிலருந்து ரெண்டு பஸ்ஸு மாறி, இந்த வெயில்ல மதுரைக்கு வந்து ஒக்காந்திருக்கா, ஒரு வாய்த் தண்ணி வேணுமான்னு கேக்கக் காணோம்! எடுத்த எடுப்புல லைசென்ஸு எங்க, லைசென்ஸு எங்கன்னா? நானும் கடை வச்சிருக்கவதான். ஜக்கம்மா ஸ்டோர்னு கேட்டுப் பாருங்க, எங்க ஊர்ல பச்சப்புள்ள கூட வழி சொல்லும். என் கடைக்கு யாரு வந்தாலும் மொதல்ல 'வாங்க, ஒக்காருங்க'ம்பேன். துவரம்பருப்பு எம்புட்டுன்னு அப்புறந்தான் கேப்பேன்.

லைசென்ஸு வாங்கிருவோம். விருதுநகர் கலெக்டர் ஆபீஸுக்குப் போயி ஃபாரம் வாங்கியாச்சு, இந்தா பையில கெடக்கு. பொண்ணப் பாத்துட்டுத்தான மண்டபம் புடிப்பாக? மொதல்ல சாமானப் பாப்போம், வெலையக் கேப்போம். வீட்ல களவாணி புகுந்துட்டான் அண்ணாச்சி, போன வியாழக்கெழம, பட்டப்பகல்ல! நானும் வீட்டுக்காரரும் கடையில, எம்பய வேலைக்குப் போயிட்டான். வீடு ஊருக்கு வெளிய, புது பிளாட்டுல. சுத்திலும் சீமக்கருவேலம். எதுத்த வீடு ஒண்ணே ஒண்ணு. பின்கதவ நெம்பி உள்ள போயிருக்கான். அதான் வீட்டுக் காவலுக்கு ஒரு துப்பாக்கி வாங்கிப் போட்ருவோம்னு வந்தேன். வெல மட்டும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க, நானும் ஏவாரிதான்.

அந்தா, நீளமா இருக்கே, அது என்ன வெல? ...யாத்தீ! ஒத்தக் குழலுக்கா அம்புட்டு? எங்க வீட்டுக் கொல்லையில தண்ணிக்குப் போரு போட்டு எறக்குனதுல மிச்சங் கெடக்கு நாலு குழாயி. சரி சரி, சிரிக்காதீக. எடுத்துக் குடுங்க, கையில வச்சுப் பாப்போம். தொடக்கூடாதா? சேலைக் கடையில கூட நாப்பது சேலையப் பிரிச்சுப் போடுறான், ஒண்ணுமே எடுக்காம வந்தாலும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டான்... சரி, தொடல. கண்ணாலயே பாத்துக்கிறேன். என்ன, மூணு கிலோ இருக்குமா? மூணேகாலா? பாத்தீகளா! முப்பது வருசத் தராசு அண்ணாச்சி இந்தக் கண்ணு. அப்பக் கிலோ என்ன வருது... ஏலக்காய விட ஒசத்தியால்ல வருது!

இந்தக் கட்டை என்ன மரம்? அக்ரூட்டா? அத எங்கிட்டிருந்தோ கொண்டாந்து எதுக்கு வெலைய ஏத்தணும்? எங்க பக்கம் வாங்க, பரளச்சி வரைக்கும் கருவேலந்தான். வெட்டிட்டுப் போனாப் புண்ணியம்னு கும்பிடுவோம். அதுல ஒரு கட்டையச் செதுக்கிப் போட்டா வெல கொறையுமா கொறையாதா? ...உடஞ்சு போகுமா? உடஞ்சா உடஞ்சிட்டுப் போகுது, நாங்க என்ன பட்டாளத்துக்கா போகப் போறோம்.

தோட்டா தனியாவா! இது அநியாயமா இருக்கே. இட்லிச் சட்டி வாங்குனா மூடிக்குத் தனியாக் காசு கேப்பீகளா? நான் கால் கிலோ தக்காளிக்கே ஒரு கொத்து கருவேப்பிலை கொசுறு போடுறவ. நீங்க ஒரு கை அள்ளிப் போட்டா கொறஞ்சா போயிருவீக? ஆடித் தள்ளுபடி? அதுவும் கெடையாதா? ஆடிக்குக் குக்கர்லருந்து கட்டிலு வரைக்கும் தள்ளுபடி போடுறான், உங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு?

சரி, தோட்டாவே வேணாம். வெறுந் துப்பாக்கி மட்டும் குடுத்தா என்ன கொறப்பீக?

ஏன் அப்பிடி முழிக்கிறீக? எங்க வீட்ல சுடுறதுக்கு ஆளு யாரு இருக்கா? எங்க வீட்டுக்காரரு இருக்காகளே, காசிராஜன்னு பேரு மட்டும் ராஜன்... சிவகாசி எங்களுக்குக் கூப்புடு தூரம். தீவாளிக்கு ஊரே வெடிக்கும், இவுக காதுல பஞ்ச வச்சுக்கிட்டு அரிசி மூட்டைக்குப் பின்னாடி ஒக்காந்திருப்பாக. குக்கரு விசிலடிச்சாலே 'யாரது?'ம்பாக. அவுக கையில இதக் குடுத்துச் சுடச் சொன்னா, களவாணி தப்பிச்சிருவான், நாந்தான் விழுந்து கெடப்பேன். அதனால சுடுறதெல்லாம் வேணாம். நடு வீட்ல, டிவிக்கு மேல மாட்டி வைக்கணும், அவ்வளவுதான். உள்ள நொழையும்போதே கண்ணுல படணும். அதுக்கு ஒத்தக் குழலு நல்லாருக்குமா, ரெட்டக் குழலு நல்லாருக்குமா? ரெட்டதான் பாக்க எடுப்பா இருக்கும், என்ன?

இது என்னது? காத்துத் துப்பாக்கியா? லைசென்ஸு வேணாமா? ...இதா! இது எங்க ஊரு பங்குனிப் பொங்கல்ல பலூன் சுடுறதுல்ல? இத மாட்டி வச்சா, வீடு பாக்க வாரவுக ஆளுக்கு அஞ்சு ரூவாய நீட்டிட்டுப் 'பலூன் எங்க?'ன்னு கேப்பாக. வேணாம், உள்ள வைங்க.

வீடு பாக்க யாரு வாராகன்னா? வேற யாரு, சம்பந்தி வீட்டுக்காரவுகதான். எம்பய அசோக்கு மில்லுல சூப்பர்வைசரா இருக்கான். பாலவனத்தத்துல பொண்ணு, சுவாதின்னு பேரு, பேங்குல வேல. பேசி முடிச்சாச்சு, ஆவணியில கல்யாணம். இந்த வெள்ளிக்கெழம மாப்பிள்ள வீடு பாக்க வாராக. அதுக்குள்ள துப்பாக்கி வீட்ல இருக்கணும்... என்ன சொல்றீக? லைசென்ஸு வர மாசக்கணக்காகுமா? போலீசு வந்து விசாரிக்குமா? தாசில்தாரா? ஏ அப்பா... அப்ப ஒரு நாளைக்கு மட்டும் வாடகைக்குக் குடுங்களேன். பந்தல், சேரு, அண்டா எல்லாந்தான் வாடகைக்குக் கெடைக்குது! சாயங்காலமே துடைச்சுக் கொண்டாந்து குடுத்துர்றேன். ஜெயிலா? யாருக்கு, எனக்கா உங்களுக்கா? ...ரெண்டு பேருக்குமா! சரி விடுங்க, கோவப்படாதீக.

இந்த ஃபாரமும் ஒரு எழவு அண்ணாச்சி. பேரு எழுதுனேன், அப்பா பேரு எழுதுனேன். அப்புறம் கேக்கான் பாருங்க, 'எதுக்காகத் துப்பாக்கி வேணும்?'னு. இதுல நான் என்னத்த எழுத? நகைக்குக் காவல்னு எழுதுனா, நகையக் காட்டுன்னு போலீசு வந்து நிப்பான். உண்மைய எழுதுனா...

என்ன போச்சுன்னு கேக்குறீகளா? ஒண்ணும் போகல. போயிருந்தாத்தான் பரவால்லயே! அதான என் வெசனமே.

கதவ வேணாக் கொஞ்சம் சாத்துங்க. சொல்றேன். உங்க மொகத்தப் பாத்தா வெளிய சொல்ற ஆளாத் தெரியல, கேட்டதுக்கு மேல வாயத் தெறக்கவே மாட்டேங்குறீக.

பொண்ணு பாக்கப் போனோம்ல, அன்னைக்கு அந்தச் சம்பந்தியம்மா எங்களுக்குக் காப்பியக் குடுத்துட்டு, 'எங்க புள்ளைக்கு அறுவது பவுனு போடுறோம்... உங்களுக்குப் பலசரக்குக் கடையாமே?'ன்னு ஒரு இழு இழுத்தாக பாருங்க! வெல்லம் விக்கிறவளுக்குத்தான் அந்த இழுப்போட கசப்புத் தெரியும். எனக்குச் சுருக்குன்னுச்சு. 'நீங்க போடுறதப் போடுங்க மதினி, எங்க வீட்ல மருமகளுக்குன்னே எங்க மாமியா நகை நூறு பவுனு பீரோவுல தூங்குது'ன்னுட்டேன். வாயா அது! எம்பய மேசைக்கு அடியில என் கால மிதிக்கான். மிதிக்க மிதிக்க நான் பாம்படம்ங்குறேன், காசுமாலைங்குறேன்...

சுத்தப் பொய்யுமில்ல அண்ணாச்சி. எங்க மாமியாளுக்குப் பாம்படம் இருந்துச்சு. காசுமாலையும் இருந்துச்சு. எல்லாஞ் சேத்துப் பன்னெண்டு பவுனு. வீடு கட்டுறப்ப மேல் கான்கிரீட்டு போட வித்தோம். அதுக்கு அடியிலதான் இப்பப் படுத்திருக்கோம். பீரோவுல இப்ப இருக்கது ரெண்டு கவரிங் செயினு, ஒரு சோடி வளையலு, எங்க கல்யாணப் பட்டு. அம்புட்டுத்தான்.

நூறு பவுனுங்கிற பேச்சு பாலவனத்தத்துல ஏறி, அருப்புக்கோட்டையில எறங்கி, அந்தக் களவாணிப்பய காது வரைக்கும் போயிருக்கு. வந்திருக்கான். பீரோவத் தெறந்திருக்கான். கவரிங்கக் கடிச்சுப் பாத்திருக்கான் அண்ணாச்சி, பல்லுத் தடம் இருக்கு! கடிச்சுட்டு, இருந்தது மாதிரியே திரும்ப வச்சுட்டான். சேலை மடிப்புக் கூடக் கலையல. அடுப்படியில செம்புல தண்ணி குடிச்சுட்டு, கழுவிக் கவுத்திட்டுப் போயிருக்கான். பாவம் பாத்திருக்கான்! ஒரு களவாணி உள்ள வந்து, 'அய்யோ பாவம், இதுககிட்ட ஒண்ணுமில்லயே'ன்னு எரக்கப்பட்டுப் போற அளவுக்கா என் பொழப்பு ஆயிப்போச்சு? அன்னைக்கு எனக்கு அழுகையே வந்துருச்சு.

ஆனா அழுதனா? அதான் இல்ல. எதுத்த வீட்டு வெள்ளைத்தாயி மொத ஆளா ஓடியாந்தா, பின்னாலயே ஊருக்குள்ள இருந்து சனமெல்லாம் கூடிருச்சு. 'அக்கா, நகையெல்லாம் போச்சா?'ன்னு நெஞ்சுல கைய வச்சுக்கிட்டுக் கேக்கா. அவ கேட்ட தோரணையப் பாக்கணுமே, போயிருந்தா அவளுக்குச் சக்கரப் பொங்கலு! விடுவனா? 'ஒரு குந்துமணி போகலடீ! நூறு பவுனும் வச்சது வச்சபடி இருக்கு'ன்னேன். ஊருக்குள்ள வரைக்கும் கேட்டிருக்கும்.

இப்ப அவ என்ன பேசுறா தெரியுமா? 'நூறு பவுனு இருக்க வீட்டுக்குள்ள போனவன் வெறுங்கையோடயா வருவான்? அங்க ஒண்ணுமில்ல'ன்னு. அடி ஆத்தீ, இந்த மூளைய அவ படிப்புல காட்டியிருந்தாக் கலெக்டராயிருப்பா! அந்தப் பேச்சும் பாலவனத்தம் போயிருச்சு. நேத்துச் சம்பந்தியம்மா போனப் போட்டு, 'வெள்ளிக்கெழம வாரப்ப நகையவும் ஒரு கண்ணு பாத்துருவோமே மதினி'ங்குறாக. அதான் துப்பாக்கி. ரெட்டக் குழலு தொங்குற வீட்ல ஒண்ணுமில்லாமயா இருக்கும்னு வாய மூடிக்கிருவாகல்ல? 'நகைய இப்பத்தான் பேங்கு லாக்கர்ல வச்சோம், அதுவரைக்கும் காவலுக்கு இதுதான்'னு எதாச்சும் சொல்லிச் சமாளிச்சிருவேன். நூறு பவுனு வாங்குறதுக்கு இது மலிவுதான?

சிரிப்பாத்தான் இருக்கும் உங்களுக்கு. எம்பய ரெண்டு நாளாச் சரியாச் சாப்புடல அண்ணாச்சி. அந்தப் புள்ளையும் இவனும் மனசு ஒத்துப் போயிட்டாக. தங்கமான புள்ள. 'அத்தை, கடையில கம்ப்யூட்டரு பில்லு நான் போட்டுத் தாரேன்'னு சொல்லுச்சு. கல்யாணம் நின்னுபோச்சுன்னா எம்பய என்னய ஒரு வார்த்த கேக்க மாட்டான். சும்மா பாப்பான். அந்தப் பார்வைய நான் எங்க கொண்டுபோயி வைப்பேன்?

என்னது?

...இன்னொருக்கச் சொல்லுங்க. இப்ப என்ன சொன்னீக?

'எல்லாம் போச்சு'ன்னு... சொல்லியிருந்தா...

...

ஏ யாத்தீ.

அய்யோ அண்ணாச்சி! வெள்ளைத்தாயி கேட்டாள்ல, 'நகையெல்லாம் போச்சா?'ன்னு... அவளே எடுத்துக் குடுத்தாளே! 'ஆமாடீ, போச்சுடீ, நூறு பவுனும் போச்சுடீ'ன்னு தலைவிரி கோலமா நடு ரோட்டுல உருண்டிருந்தா முடிஞ்சு போயிருக்குமே! சம்பந்தியம்மா ஓடியாந்து கட்டிப்புடிச்சு அழுதிருப்பாக. நகையக் காட்டுன்னு சாகுற வரைக்கும் ஒருத்தி கேட்டிருக்க மாட்டா. எம்பொய்யத் தூக்கிட்டுப் போறதுக்குன்னே சாமி ஒரு ஆள அனுப்பியிருக்கு, நான் கூறுகெட்டவ, ஒரு குந்துமணி போகலன்னு... போகலன்னு ஏத்தமா நின்னு... அந்த வெள்ளைத்தாயி முன்னாடி எறங்கிப் போகக் கூடாதுன்னு... அம்புட்டும் என் வாயி அண்ணாச்சி. அம்புட்டும் என் வாயி.

இல்ல, வேணாம். ரெட்டக் குழலும் வேணாம், ஒத்தக் குழலும் வேணாம். உள்ள வைங்க. ஃபாரத்தையும் நீங்களே வச்சுக்கங்க, வேற யாருக்காச்சும் ஆகும். ஒரு நிமிசம் இருங்க, போனப் போட்டுக்கிறேன்.

அலோ... ஏங்க, நாந்தான். ஒண்ணும் வாங்கல, கத்தாதீக. கடையிலயா இருக்கீக? வீட்டப் பூட்டிட்டா வந்தீக? ...எத்தன பூட்டு? ரெண்டா! ரெண்டு பூட்டுப் போடச் சொல்லி யாரு சொன்னா? ...நானா? சரி, இப்ப நாந்தான் சொல்றேன், போயி ரெண்டையும் தெறந்து விட்டுட்டு வாங்க. பின்கதவையும்... ஆமா, பின்கதவையுந்தான். கிறுக்கெல்லாம் புடிக்கல. சொன்னதச் செய்யுங்க. வெள்ளிக்கெழமைக்கு இன்னும் மூணு நாளு இருக்குல்ல... அந்தப் புண்ணியவான் மனசு எரங்கி இன்னொருக்க வந்தாலும் வருவான்.