முழுதாக ஏறிய சார்ஜ்

என் மனைவி வீட்டில் எல்லோருமே குள்ளம். குறையாகச் சொல்லவில்லை சார், அளவைச் சொல்கிறேன். மாமனார், மாமியார், மச்சான் என்று யாரை நிறுத்தினாலும் என் தோளுக்குக் கீழேதான். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே தகுதி என் உயரம்.

வீடு இரண்டாவது மாடியில். வாசலில் முதலில் மாட்டியிருந்த வீடியோ காலிங் பெல்லை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மாமனாருக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்ததைப் படிக்கட்டுக் கைப்பிடிக்கு அப்பால், சுவரில் நல்ல உயரத்தில் மாட்டச் செய்தார். திருடனுக்கு எட்டவில்லை. வருகிற விருந்தாளிக்கும் எட்டவில்லை. கதவைத் தட்டிவிட்டு, அண்ணாந்து கேமராவைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

வேலை போன பிறகு நான் அங்கே வீட்டோடு மாப்பிள்ளை. யாரும் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. நான் ஹாலுக்கு வந்தால் பேச்சு நின்றுவிடும், காபி ஆறிப்போய் வரும், அவ்வளவுதான். ஆனால் பெல்லில் சார்ஜ் தீர்ந்த அன்று பார்க்க வேண்டும். "மாப்பிள்ளை, கொஞ்சம் வர்றீங்களா?" என்று மாமனாரே என் அறை வாசலில் வந்து நிற்பார். மேல்படியில் ஸ்டூலைப் போட்டு ஏறி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, பெல்லின் அடியில் இருக்கிற சின்ன ஓட்டையில் ஊசியைக் குத்தினால் அது கழன்று கைக்கு வரும். குடும்பமே என்னை அண்ணாந்து பார்க்கும். "பாத்து, பாத்து" என்பார் மாமியார். அன்றைக்குக் காபி சூடாக வரும்.

அந்தக் காபிக்காகத்தான், பச்சை விளக்கு எரிவதற்கு முன்பே பெல்லைச் சார்ஜரிலிருந்து உருவ ஆரம்பித்தேன். ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். அவரவர் வேலையை அவரவர் காப்பாற்றிக்கொள்கிறார்கள்.

அன்று பகலில் வீட்டில் நானும் மாமனாரும் மட்டும். பெல் பச்சை விளக்கோடு மேசைமேல் இருந்தது.

"நேத்து நீங்க உருவி வச்சதும் நான் திரும்பப் போட்டேன் மாப்பிள்ளை. பாதிகூட ஏறாம இருந்துச்சு. இப்ப ஃபுல். இனி மாசக்கணக்குல தொட வேண்டாம்" என்றார். சிரித்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நீங்களும் ஒரு வேலையத் தேடிக்கிட்டு, அவளக் கூட்டிக்கிட்டுத் தனியாப் போயிடுங்க. அதுதான் உங்களுக்கும் மரியாத. இன்னிக்கு நானே மாட்டுறேன், ஸ்டூல மட்டும் புடிங்க."

பிடித்தேன். அவர் உயரத்துக்குக் குதிகாலைத் தூக்கி, கைப்பிடிக்கு வெளியே நன்றாகச் சாய வேண்டியிருந்தது. பெல் டிங் என்றது. "உக்காந்துருச்சு!" என்றார், குழந்தை மாதிரி. அப்போது கையை எடுத்தேன். தள்ளவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். கையை எடுத்த பிறகு, காலால் ஸ்டூலைக் கொஞ்சம் என் பக்கம் இழுத்தேன். கொஞ்சம்தான்.

குளித்துக்கொண்டிருந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். பெல்லில் சார்ஜ் இல்லை என்று உங்களிடம் சொன்னது பழக்க தோஷம்.

மாமனாரின் போனிலிருந்து எடுத்து நீங்கள் போட்டுக் காட்டிய வீடியோ அருமை. நேராக மாட்டியிருக்கிறார், ஒரு குறை சொல்ல முடியாது. என் கால்கூடத் தெளிவாகத் தெரிகிறது. விழும்போது அவர் "மாப்பிள்ளை" என்று கூப்பிடுவதும் கேட்கிறது. அத்தனை உரிமையோடு அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை. ஆமாம், நான்தான் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள்.

என் மனைவி இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை. மச்சான் இந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. கோபம் இருக்கத்தான் செய்யும், நாள்பட ஆறிவிடும். எப்படியும் சில மாதத்தில் அந்தச் சார்ஜ் தீரும். அந்த வீட்டில் வேறு யாருக்கும் எட்டாது சார். என்னைத்தான் கூப்பிட்டாக வேண்டும்.